ஒன்பது தரணிதரன்கள்

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்த அன்று தரணிதரன் பாடசாலைக்கு வரவில்லை. பல்வலி. அந்த ஒரே தகுதியை வைத்து அவர் தெரிவு செய்யப்பட்டார். 'மாணவர் உளநலத்துக்கான ஆக்கபூர்வ அணுகுமுறைகள்' என்ற மூன்று நாள் செயலமர்வுக்கு ஓர் ஆசிரியரை அனுப்ப வேண்டும் என்று பாடசாலை அதிபர் நாகலிங்கம் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தபோது, அங்கே இருந்த பதினொரு பேரும் அங்கே இல்லாத பன்னிரண்டாவது ஆளின் பெயரை ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தவரிடம் அதிபர், "ஒங்களுக்குத்தான் பொறுமை இருக்குன்னு எல்லாருக்கும் அபிப்பிராயம், தரணி" என்றார்.

தரணிதரன் அதை நம்பினார். நம்பியதோடு நிற்காமல் வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார். ரத்னா கந்தப்பளைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்வியபடி ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தவள், ஊசிகளை எடுத்துவிட்டு, "பொறுமையா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஊசிகளைத் திரும்பக் கவ்விக்கொண்டாள்.

தரணிதரன் றொசல்லப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயமொன்றில் பிறந்து, படித்து, பதினாறு வருடங்களாகக் கந்தப்பளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவர். சேற்று வழியில் நடந்து போனாலும் சப்பாத்தைப் பளபளவென்று வைத்திருப்பார். எதைச் சொன்னாலும் "அதாவது பிள்ளைகள்" என்று தொடங்கி "விளங்குதா?" என்று முடிப்பார். நடுவில் ஆட்காட்டி விரலால் மூக்குக்கண்ணாடியை ஒருமுறை மேலே தள்ளுவார். இந்த மூன்றும் தன்னிடம் இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது.

நுவரெலியாவில் நடந்த செயலமர்வில் பயிற்சி கொடுக்கும் வளவாளராக வந்திருந்த மெலிந்த அம்மையார் முதல் நாளே சொன்னார்: "நீங்க அங்க போய்ச் செய்ய வேண்டிய பெரிய வேலை பேசுறதில்ல, கேட்டுக்கிட்டு இருக்கிறது." தரணிதரன் அதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டார். போட்ட கையோடு பக்கத்தில் இருந்த ஹட்டன் ஆசிரியையிடம் திரும்பி, அதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தொடங்கினார். அம்மையார் பேச்சை நிறுத்தி, "சேர், கொஞ்சம் கேப்போமா?" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் கிடைத்த சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் சின்ன அறையை அதிபர் ஒதுக்கிக் கொடுத்தார். கால் உடைந்த மேசைகளையும் காற்றுப்போன கரப்பந்துகளையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, சான்றிதழைச் சுவரில் மாட்டினார். 'மனம் விட்டுப் பேசும் அறை' என்று பலகையில் தன் கையாலேயே எழுதினார். இடம் போதாமல் 'அறை' மட்டும் எறும்பு மாதிரி ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.

முதல் இரண்டு வாரம் வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் தரம் ஒன்பது. மூவருக்கும் ஒரே தலைவலி, கணக்குப் பாடவேளையில் மட்டும் வருவது.

மூன்றாம் வாரம் ஒரு பெரிய தாளை மேல்தர வகுப்புகளுக்கெல்லாம் கொண்டுபோனார். 'இன்று உங்கள் மனம் என்ன நிறம்?' பிள்ளைகள் ஆளுக்கொரு வட்டத்துக்கு நிறம் தீட்டினார்கள். எண்பத்திரண்டு வட்டமும் நீலம். செயலமர்வுக் கையேட்டில் நீலத்துக்கு நேரே 'ஆழ்ந்த துயரம்' என்று போட்டிருந்தது. தரணிதரன் தாளைச் சுருட்டிக்கொண்டு அதிபரின் அறைக்கு ஓடினார்.

"சேர், முழுப் பாடசாலையும் ஆழ்ந்த துயரத்துல இருக்கு."

அதிபர் தாளைப் பார்த்தார். வெளியே போய்க்கொண்டிருந்த தரம் பத்து நிரோஷனைக் கூப்பிட்டு, "ஏன்டா எல்லாரும் நீலம் அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"மத்த பேனையெல்லாம் காஞ்சி போச்சிங்க சேர்" என்றான் நிரோஷன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒரு பிள்ளை அந்தப் பாடசாலையில் இருந்தாள். சர்மிளா. தரம் பத்து. போன வருடம் வரை வரலாற்றுப் பாடத்தில் கை உயர்த்தி, "சேர், அந்த ராஜா செத்தப்பொறகு ராணி என்னா பண்ணுனாங்க?" என்று தரணிதரனுக்கு விடை தெரியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறவள். இந்த வருடம் பெப்ரவரிக்குப் பிறகு அவள் வாயே திறப்பதில்லை. கேட்டால் "இல்லீங்க சேர்." இன்னொரு முறை கேட்டால் "ஒண்ணுமில்லீங்க சேர்." அவ்வளவுதான்.

பெப்ரவரியில் நடந்தது ஊருக்கே தெரியும். அவர்களுடைய லயத்துக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. மரத்திலிருந்த கூடு கலைந்து, கூட்டமாக இறங்கி விரட்டியதில் ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதில் மோசமாகக் கொட்டு வாங்கியவள் சர்மிளாவின் தாய் நாகலெட்சுமி. ஐந்து நாள் கட்டிலில் கிடந்து பிழைத்து வந்தாள். அப்போது பாடசாலை விட்டு வந்திருந்த சர்மிளா, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியதால் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு கொட்டுக்கூட இல்லை.

இந்தச் செய்தி கிடைத்ததும் தரணிதரன் சும்மா இருப்பாரா? மறுவாரம் காலைக் கூட்டத்தில் சர்மிளாவை மேடைக்கு அழைத்து, பக்கத்தில் நிறுத்தி, 'சமயோசிதம்' என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசினார். முடிவில் எல்லாரையும் கை தட்டச் சொன்னார். அது தன் வாழ்நாளின் சிறந்த பேச்சுகளில் ஒன்று என்பது அவருடைய எண்ணம். அந்தப் பேச்சுக்கும் அவளுடைய மௌனத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. குளவி, தாய், ஆஸ்பத்திரி, பயம் என்று கையேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் தன்னைச் சேர்க்கவில்லை.

அவளை மூன்று முறை அறைக்கு அழைத்தார். படம் போட்ட அட்டைகளைக் காட்டினார். களிமண் கொடுத்தார். களிமண்ணை அவள் உருட்டி உருட்டி ஒரே அளவில் பதினாறு உருண்டை செய்து வரிசையாக வைத்துவிட்டுப் போனாள்.

"அந்தப் புள்ள என்னா சொன்னிச்சி?" என்று ரத்னா அன்று கேட்டாள்.

தரணிதரன் மனம் என்பது ஒரு குளம் மாதிரி என்று தொடங்கிச் சொல்லிக்கொண்டே போனார்.

"அது நீங்க சொன்னது. அந்தப் புள்ள என்னா சொன்னிச்சின்னு கேட்டேன்."

யோசித்துப் பார்த்தார். இருபது நிமிடத்தில் அந்தப் பிள்ளை சொன்னது ஆறு சொல். அதில் நான்கு 'சேர்'.

அடுத்து முகமூடி. செயலமர்வின் கடைசி நாளில் சொல்லிக்கொடுத்தது இது. பலூனை ஊதி, அதன் மேல் பழைய பேப்பரைக் கீலங்கீலமாகக் கிழித்துக் கோதுமை மாப் பசையில் தோய்த்து ஒட்டிக் காயவைத்தால் முகமூடி. அதைப் போட்டுக்கொண்டு பேசினால், நேரே சொல்ல முடியாததைப் பிள்ளைகள் சொல்வார்களாம். தரம் பத்தில் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். மழைக்கு ஒன்றும் காயவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, புகை மணக்கக் கொண்டுவந்தார்கள். சர்மிளா முகமூடி செய்யவில்லை. எல்லாருக்கும் பேப்பர் கிழித்துக் கொடுத்தாள்.

துயரம், கோபம், அச்சம் என்று பதினான்கு உணர்ச்சிகளை எதிர்பார்த்து வெள்ளிக்கிழமை அறைக்குள் நுழைந்தார் தரணிதரன். மேசையில் வரிசையாக இருந்தவை ஒரு சிங்கம், ஒரு பேய், இரண்டு கிரிக்கெட்காரர்கள், ஒரு பூனை. மிச்சம் ஒன்பதும் அவரே.

சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. கம்பியை வளைத்துக் கண்ணாடி. தேங்காய்த் தும்பில் மீசை. நெற்றி மட்டும் ஒவ்வொன்றிலும் பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. ஒன்றில் மூக்கு கொஞ்சம் நாகரிகமாக இருந்தது. மனதுக்குள் அதற்கு முதலாம் இடம் கொடுத்தார்.

"ஏன் எல்லாரும் என்னையவே செஞ்சிருக்கீங்க?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஒங்க மொகம் சுலுவுங்க சேர்" என்றான் நிரோஷன்.

அவன் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். நெஞ்சை நிமிர்த்தினான். ஒரு விரலால் கம்பிக் கண்ணாடியை மேலே தள்ளினான். "அதாவது பிள்ளைகள், மனம் என்பது ஒரு குளம். குளம் என்றால் என்ன? தண்ணி. விளங்குதா?" அறை வெடித்துச் சிரித்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அதிபர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தரணிதரனும் சிரித்தார். அவர் சிரித்ததாக வீட்டில் சொன்னதும் உண்மைதான். பின்பக்கம் போய்க் குழாயடியில் இரண்டு முறை முகம் கழுவியதைத்தான் சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது அவர் எதிர்பாராதது. விளையாட்டாக ஒரு பையன் நிரோஷனுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, "சேர், எனக்குக் கணக்கு வருதில்லீங்க சேர்" என்றான். சிரிப்பு. அடுத்தது ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்தாள். "சேர், எங்க அப்பா கொழும்புக்குப் போயி மூணு மாசமா போன் எடுக்கல" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள். நிரோஷனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையை ஆட்டினான். கண்ணாடியைத் தள்ளினான். அவள் மேலும் சொன்னாள். அவன் மேலும் தலையாட்டினான். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

மூலையில் உடைந்த மேசையில் சாய்ந்து நின்ற அசல் தரணிதரன், மாவும் பேப்பருமான தரணிதரன் தன்னைவிட நன்றாகக் கேட்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொறாமையாக இருந்தது. பேப்பர் முகத்தின் மீது பொறாமைப்படுகிற ஆள் இந்த மாகாணத்திலேயே தான் ஒருவராகத்தான் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டார்.

அறையில் பேசியது அறையை விட்டுப் போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினார். அடுத்த வாரத்திலிருந்து இடைவேளையில் அறைக்கு வெளியே வரிசை நின்றது. வரிசை முகமூடிக்கு. அவருடைய வேலை ஆணியில் மாட்டுவதும் எடுத்துக் கொடுப்பதும், காது பிய்ந்தால் ஒட்டுவதும்.

அப்படி ஒரு வியாழக்கிழமை, தூறலில் விளையாட்டுப் பாடத்தை மண்டபத்துக்குள் நடத்திக்கொண்டிருந்த நேரம், தரணிதரன் தனியாக உட்கார்ந்து ஒரு காதை ஒட்டிக்கொண்டிருந்தார். சர்மிளா வந்து வாசலில் நின்றாள்.

"வா பிள்ளை" என்றார். கையெல்லாம் பசை. அதனால் எழுந்திருக்கவில்லை. படம் போட்ட அட்டைகளைத் தேடவும் இல்லை.

அவள் நேரே சுவரடிக்குப் போனாள். நாகரிக மூக்குள்ள முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள். ஒரு விரலால் கண்ணாடியை மேலே தள்ளினாள். நிரோஷனைவிட அச்சாக இருந்தது.

"அதாவது பிள்ளைகள்," என்றாள். பல மாதமாகக் கேட்காத குரல். "சமயோசிதம் என்றால் என்ன? இந்தா நிற்கிறா பாருங்க சர்மிளா. குளவி வந்திச்சி. தம்பியத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடிக் கதவ சாத்தி தாப்பா போட்டா. கெட்டிக்காரி. பொறகு அவங்க அம்மா ஓடி வந்தாங்க. கதவ தட்டுனாங்க. சர்மிளா, சர்மிளான்னு கூப்புட்டாங்க."

கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அது அம்மான்னு சர்மிளாவுக்கு நல்லாத் தெரியும். தாப்பா மேல கைய வச்சா. ஜன்னல்ல பாத்தா அம்மா தலை முழுக்கக் குளவி. கைய எடுத்துட்டா. அம்மா தட்டிக்கிட்டே இருந்தாங்க. பொறகு தட்டல. தண்ணி ஓடுற கான்ல விழுந்துட்டாங்க. பக்கத்து லயத்து ஆளுங்கதான் சாக்கப் போட்டு மூடித் தூக்குனாங்க. விளங்குதா பிள்ளைகள்? எல்லாரும் சர்மிளாவுக்கு ஒருக்கா கை தட்டுங்க."

கை தட்ட அங்கே யாரும் இல்லை. முகமூடி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

கையேட்டில் பதினான்காம் பக்கத்தில், 'அது உங்கள் பிழை அல்ல என்பதை எடுத்துரைத்தல்' என்று இருந்தது. அந்தப் பக்கம் முழுவதும் தரணிதரனுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தார். ஒரு சொல் வரவில்லை. பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளைக்கு முன்னால் அவருக்குப் பேச்சு வராமல் போனது அதுதான் முதல் தடவை. மூடினார். திரும்பத் திறந்தார். மூக்கு ஒழுகியது. துடைக்கப் போய்ப் பசையை மீசையில் அப்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றியதும் ஒன்றும் தெரியவில்லை. பாடசாலைச் சீருடையில் தன்னுடைய தலை ஒன்று மங்கலாக நிற்பது மட்டும் தெரிந்தது.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அன்னைக்கி கை தட்டச் சொன்னது நான்தான்" என்றார்.

முகமூடி மெதுவாகத் தலையாட்டியது.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லீங்க சேர்."

"அம்மா ஏதும் கேட்டாங்களா?"

"கேக்கல. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து சோறு போடுறப்பல்லாம் கெட்டிக்காரி, எம்மவ கெட்டிக்காரின்னுதான் சொல்றாங்க. எனக்கு சோறு எறங்குதில்லீங்க சேர்."

மண்டபத்தில் பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு அவள் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சேர், இத வீட்டுக்குக் கொண்டுபோகவா?" என்று கேட்டாள்.

"கொண்டுபோ. நானும் வரட்டுமா?"

"வேணாங்க சேர்" என்றாள். "நீங்க வந்தா பேசுவீங்க."

அன்று பின்னேரமே அவர் செயலமர்வு அம்மையாருக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மையார் கேட்டார். "ஒண்ணும் சொல்லலைங்க மிஸ்." "ரொம்ப நல்லது. அந்த நேரத்துல பேசாம இருக்கிறது எல்லாருக்கும் வராது சேர்." அது பயிற்சியால் வந்ததல்ல, நாக்கு ஒட்டிக்கொண்டதால் வந்தது என்று விளக்க நினைத்தார். ஆனால் பாராட்டு இனித்தது. பேசாமல் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், தேவையென்றால் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு நானே கதைக்கிறேன் என்று சொல்லி அம்மையார் வைத்தார்.

வெள்ளி பௌர்ணமி, போயா விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. மூன்று நாளும் தரணிதரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்காததால் எழுதினார். வலயத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் 'கதவு: ஒரு விடய ஆய்வு' என்று நான்கு பக்கம். பெயரை மாற்றி 'மாணவி ச' என்று போட்டார். குளவி கொட்டித் தாய் ஆஸ்பத்திரிக்குப் போன, தரம் பத்தில் படிக்கிற 'மாணவி ச' அந்த வலயத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. எழுதி முடித்து வாசித்தபோது கண் கலங்கியது. பிள்ளையை நினைத்துக் கலங்கியதா, தன் நடையை நினைத்துக் கலங்கியதா என்று கேட்டால் இரண்டாவது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சர்மிளா இல்லை. முதலாம் பாடம் முடிந்ததும் தரணிதரன் அதிபரிடம் சொல்லிவிட்டு லயத்துக்குப் புறப்படுவதற்காகக் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது, அறை வாசலில் நாகலெட்சுமி நின்றாள். காலையில் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் வந்திருந்தாள். ஒரு புருவத்துக்கு மேலே தழும்பு இன்னும் கறுத்திருந்தது. கையில் கடைப்பை.

"உள்ளுக்கு வாங்க, இருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்.

அவள் உட்கார்ந்து, பையிலிருந்து முகமூடியை எடுத்து மேசையில் வைத்தாள். மூக்கு சப்பையாகிப் போயிருந்தது. கன்னத்தில் ஐந்து விரலும் மாவோடு பதிந்திருந்தன.

"மன்னிச்சிக்கிங்க சேர்" என்றாள். "சனிக்கெழம அடுப்படியில ரொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். பின்னால 'அதாவது அம்மா'ன்னு சத்தம். திரும்பிப் பாத்தா நீங்க நிக்கிறீங்க. பாவாடையோட. பயத்துல மாவுக் கையோட ஒண்ணு வச்சிட்டேன்."

"பரவாயில்ல" என்று தரணிதரன் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"பொறகு எல்லாத்தையும் சொல்லிட்டா. அத மாட்டிக்கிட்டேதான் சொன்னா. கழட்டுன்னேன், கழட்டல. முழுக்கச் சொல்லி முடிச்சாப் பொறகுதான் கழட்டுனா." நாகலெட்சுமி முந்தானையை விரலில் சுற்றினாள். "ஆறு மாசம் சேர். ஆறு மாசமா இத வயித்துல வச்சிக்கிட்டு திரிஞ்சிருக்கா. நானும் பைத்தியக்காரி, தெனமும் கெட்டிக்காரி கெட்டிக்காரின்னு குத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

அந்தக் குத்தை மேடை போட்டுத் தொடங்கி வைத்தவர் தான்தான் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தரணிதரனுக்குத் தோன்றியது. "நானும்தாங்க" என்றார். வேறெப்படியும் சொல்ல வரவில்லை.

"நீங்க என்னா சொன்னீங்க அவகிட்ட?" என்று பிறகு கேட்டார்.

"என்னாத்த சொல்றது. அடி லூசு, நான் தொறன்னு தட்டல, தொறக்காதன்னுதான் தட்டுனேன், உள்ள சின்னவன் இருக்கான்ல, தொறந்துறாதடி சர்மிளான்னுதான் கத்துனேன், அந்த எரைச்சல்ல ஒனக்கு எங்க கேட்டிருக்கும்னு சொன்னேன். நம்பாம பாத்தா. சின்னவன் தலையில அடிச்சி சத்தியம் பண்ணுனேன். அப்பத்தான் அழுதா. அழுது அழுது, நேத்து சாய்ங்காலம் படுத்தவ இன்னும் தூங்குறா. எழுப்ப மனசு வரல. அதத்தான் சொல்ல வந்தேன். லீவுக் கடுதாசி எனக்கு எழுத வராது, நீங்களே போட்டுக்கிங்க."

தரணிதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வரலாறு படிப்பிக்கிறவருடைய புத்தி. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டார். "நெசமாவே தொறக்காதன்னா கத்துனீங்க?"

நாகலெட்சுமி முகமூடியின் சப்பை மூக்கை விரலால் நிமிர்த்தப் பார்த்தாள்.

"தலை முழுக்கக் குளவி சேர். அன்னைக்கி என்னா கத்துனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள். "ஆனா இனிமே அதுதான் நான் கத்துனது."

அவள் எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "நீங்க இத எங்கயும் எழுதிக்கிறாதீங்க சேர்."

"ச்சே ச்சே, எழுதுவனா" என்றார் தரணிதரன். அந்த நான்கு பக்கமும் அப்போது அவருடைய சட்டைப்பையில் இருந்தன.

வீட்டுக்குப் போனதும் ரத்னா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த அடுப்பில் நான்கையும் போட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மிகவும் பிடித்திருந்தது. அதை மட்டும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போட்டார்.

"என்னாத்த எரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். ரத்னா ஆச்சரியமாகப் பார்த்தாள். ஒரு கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி அவரை அவள் கண்டதில்லை.

அறிக்கை ஒரு பக்கத்தில் முடிந்தது. பதினான்கு முகமூடிகள் செய்யப்பட்டன. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்குபற்றினர். மழை காரணமாக உலர்த்துவதில் சிரமம் இருந்தது. மூன்று வாரம் கழித்து அது சிவப்பு மையில் 'பெறுபேறு தெளிவாக இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதிபர் அதைக் காட்டி, "என்னாங்க தரணி, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுதியிருக்கீங்க" என்றார். "நடந்தத எழுதுற அளவுக்கு எனக்குத் தமிழ் காணாதுங்க சேர்" என்றார் தரணிதரன். அதிபர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சர்மிளா செவ்வாய்க்கிழமையே பாடசாலைக்கு வந்துவிட்டாள். வந்த உடனே பழைய மாதிரி ஆகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. காற்று பலமாக அடித்துக் கதவு ஆடினால் இன்னும் திடுக்கிட்டுத் திரும்புவாள். அம்மையார் ஏற்பாடு செய்ததில் இரண்டு முறை நாகலெட்சுமியோடு ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கும் போய் வந்தாள். ஆனால் பக்கத்துப் பிள்ளையிடம் ரப்பர் கேட்டாள். பிறகு வேறு எதையோ கேட்டாள். ஒருநாள் வரலாற்றுப் பாடத்தில் கை உயர்த்தி, "அந்த மந்திரிக்கு அப்பவே தெரியுமுன்னா ஏன் சேர் சொல்லல?" என்று கேட்டாள். தரணிதரனுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொன்னார். வகுப்பு அதிர்ந்து போய்ப் பார்த்தது.

காலைக் கூட்டப் பேச்சுக்கு அவளிடம் முறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. நல்ல சொற்களாகத் தேடி வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை பாடசாலை விட்டு, கந்தப்பளை பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றபோது சர்மிளா தனியாக வந்தாள். இதுதான் சமயம் என்று அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அதாவது பிள்ளை, ஒரு மனிதன் பிழை செய்யும்போது, அந்தப் பிழையை அவன் உணர்கிற அந்தக் கணத்தில்..."

"சேர், பஸ்" என்றாள் சர்மிளா.

திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வளைவில் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டினார், ஓடினார், பளபளக்கும் சப்பாத்தோடு ஒரு சேற்றுக் குழியில் கால் வைத்தார். பஸ் போய்விட்டது. அடுத்தது ஐந்து மணிக்குத்தான்.

"மன்னிச்சிக்க பிள்ளை. அன்னைக்கி மேடையில நான் செஞ்சது பிழை" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. தேடி வைத்த சொற்களில் ஒன்றும் அதில் இல்லை.

"சரிங்க சேர்" என்றாள் அவள். பிறகு, "எங்க லயத்து வழியா நடந்தா குறுக்கால போயிறலாங்க சேர். நான் காட்டுறேன்" என்றாள்.

இருவரும் தேயிலைக்கு நடுவே ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் தன் வீட்டுக் கோழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அது அடைக்கு உட்கார்ந்தது, எழுந்து போய்விட்டது, திரும்ப உட்கார்ந்தது, தம்பி ஒரு முட்டையைத் தூக்கிச் சட்டைப்பையில் வைத்தது, உடைந்தது, அம்மா ஏசியது, கோழி வேறு வீட்டுக்குப் போய் அங்கே உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் அந்தக் கதை மிகவும் நீளமாக இருந்தது. எங்கே போகிறது என்றும் தெரியவில்லை. ஈரச் சப்பாத்துக்குள் தரணிதரனின் கால் விறைத்தது. கோழியிலிருந்து ஒரு நல்ல கருத்தை எடுத்து விளக்குவதற்கு மூன்று இடத்தில் வாய்ப்பு வந்தது. மூன்றையும் விட்டுவிட்டு, "பொறகு?" என்று கேட்டார்.

"பொறகு என்னாங்க சேர், அந்த வீட்டு ஆளுங்க கோழியத் தர மாட்டேங்குறாங்க" என்று அவள் முன்னால் ஏறிக்கொண்டே சொன்னாள்.